காரில் இருந்த தாம்பாளம்

காலை ஏழேகாலுக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டும்போது இன்றைக்கும் என் கண் அந்த மூலைக்குத்தான் போகிறது. அங்கே ஒரு வெள்ளைக் கார் நிற்க வேண்டும். பின் கண்ணாடி ஓரம் ஒரு எவர்சில்வர் தாம்பாளம், அதில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒருவர் ஹாரன் மேல் கையை வைத்துக்கொண்டு, ஆனால் அடிக்காமல், எனக்காகக் காத்திருக்க வேண்டும். இப்போது அந்த இடத்தில் ஒரு இளநீர் வண்டி நிற்கிறது. இளநீர்க்காரர் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர். வீடு கடலூரில். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய், லேபில் நின்றுகொண்டே வேலை பார்த்து, நின்றுகொண்டே திரும்பியவள். அப்படி ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நான் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அறிமுகமானவர்தான் அந்தக் கார்க்காரர். சிதம்பரத்தில் ஓர் உரக்கடையில் மேனேஜர். ஐம்பதைத் தாண்டியவர். "தெனம் ஒத்த ஆளா கார்ல போயிட்டு வர்றேன். பெட்ரோலுக்குப் பங்கு போட்டுக்கலாம், நீங்களும் வாங்க" என்றார். அடுத்த வாரமே இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் கீரப்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் ஹெட்மாஸ்டர். அவரை சார் என்போம். இன்னொருவர் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் எல்லோருக்கும் சிஸ்டர். கார்க்காரர் எல்லோருக்கும் மாமா. எங்கள் பக்கம் முறை தெரியாத ஆளைக் கூப்பிட வேறு வார்த்தை கிடையாது.

அந்தக் காருக்குள் ஒரு வாசனை உண்டு. மாமாவின் சட்டையில் யூரியா, சிஸ்டரின் பையில் டெட்டால், என் துப்பட்டாவில் ஆசிட். சார் மட்டும் விபூதி மணக்க ஏறுவார், இறங்கும்போது அவரும் எங்களைப் போல ஆகியிருப்பார். ஆலப்பாக்கம் வரும்வரை யாரும் பேசமாட்டோம். ஆலப்பாக்கத்தில் சிஸ்டர் டிபன் டப்பாவைத் திறப்பார். புதுச்சத்திரத்தில் நான் பிரின்சிபாலைத் திட்ட ஆரம்பிப்பேன். வெள்ளாற்றுப் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிடுவோம். ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரம் வீட்டிலும் சேராது, வேலையிலும் சேராது. என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான்.

தாம்பாளம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மாமாவின் கார் சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு கார். டாக்ஸி போல ஆள் ஏற்றி ஓட்டினால் பிடிப்பார்கள், அபராதம் போடுவார்கள் என்று உரக்கடையில் யாரோ அவரைப் பயமுறுத்திவிட்டார்கள். மாமா இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள், "யாராச்சும் நிறுத்துனா நாம ஒரே குடும்பம், நிச்சயதார்த்தத்துக்குப் போறோம்னு சொல்லிடலாம்" என்றார். வெறும் வாயால் சொன்னால் நம்புவார்களா என்றேன். வீட்டிலிருந்து என் கல்யாணத்துக்கு வந்த தாம்பாளத்தைக் கொண்டுவந்தேன். ஓரத்தில் என் பெயர் வெட்டியிருக்கும். பரணில் சும்மா கிடந்ததற்கு ஒரு வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு முறை பிரித்துக்கொண்டோம். நான் பெண்ணின் அத்தை, மாமா என் அக்கா வீட்டுக்காரர், சிஸ்டர் சித்தி. சார் பொய் சொல்லமாட்டேன் என்று அடம்பிடித்தார். கடைசியில், "நான் சம்பந்தியா உக்காந்திருக்கேன், ஆனா வாயத் தெறக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டார். சம்பந்தி என்றால் அப்படித்தான் இருப்பார் என்று மாமா சொல்ல, அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சிஸ்டருக்குப் புரையேறிவிட்டது. திங்கள்கிழமை தோறும் புதுத் தேங்காய் வைப்போம். பழைய தேங்காய் முறை வைத்து ஒரு வீட்டுக்குப் போகும். சார் அதற்கு ஓர் அட்டவணையே போட்டு டேஷ்போர்டில் ஒட்டியிருந்தார். வாட்ஸ்அப் குரூப்புக்கும் 'நிச்சயதார்த்தம்' என்றே பெயர். இல்லாத ஒரு பெண்ணுக்கு நாலு வருஷமாக நிச்சயம் நடந்துகொண்டே இருந்தது.

ஒரே ஒரு தடவை நிறுத்தினார்கள். அது ஒரு வைகாசி. பு.முட்லூர் தாண்டி, ஓர் அதிகாரி குனிந்து உள்ளே பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். "என்ன விசேஷம்?" என்றார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நிச்சயதார்த்தம் சார்" என்றேன். "மாப்பிள்ள என்ன பண்றாரு?" "துபாய்ல இருக்காரு." அவர் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி வேர்த்துக்கொட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லபடியா நடக்கட்டும், போங்க" என்று வழிவிட்டார் அந்த மனிதர். பாலத்தில் சார்தான் முதலில் சிரித்தார்.

விபத்து நடந்தது மார்கழியில். நல்ல பனி. புதுச்சத்திரத்துக்கு முன்னால் ரோடு வேலை நடந்த இடத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் போய் சிமெண்ட் தடுப்பில் இடித்தது. சத்தம் நினைவில் இல்லை. தேங்காய் என் தோளைத் தாண்டிப் பறந்து முன் கண்ணாடியில் மோதியது மட்டும் நினைவிருக்கிறது. சிஸ்டருக்கு நெற்றியில் வெட்டு. சாருக்குத் தோள்பட்டை எலும்பு விலகியது. மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் வலது முழங்கால் முன் சீட்டுக்குக் கீழே மாட்டி நொறுங்கிவிட்டது.

பக்கத்து ஊர் ஜனங்கள் ஓடிவந்தார்கள். ரோடு முழுக்க வெற்றிலையும் மஞ்சளும் சிதறிக் கிடந்ததைப் பார்த்ததும் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். "அய்யோ, நிச்சயதார்த்தத்துக்குப் போறவுங்கடி!" ஒருத்தி தன் தலைத்துண்டை அவிழ்த்து என் காலைக் கட்டினாள். "பொண்ணு எந்த வண்டியிலம்மா வருது? அதுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னொருத்தி, "மார்கழியில கெளம்புனா இப்பிடித்தான் ஆவும்" என்றாள். எனக்கு அந்த வலியில் அது காதில் ஏறவில்லை. ஆம்புலன்சில் ஏற்றும்போது ஒருவர் அந்தத் தேங்காயைத் தேடிப்பிடித்து என் பக்கத்தில் வைத்தார். போலீஸ் வந்து விசாரித்தபோது, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் ஊரே சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏட்டு என்னிடம், "நிச்சயதார்த்தத்துக்குத்தானே போனீங்க? வண்டி ஓட்டுனவரு உங்களுக்கு என்னா ஒறவு?" என்று கேட்டார். நாலு வருஷம் மனப்பாடம் செய்த பாடம். "எங்க அக்கா வீட்டுக்காரரு" என்றேன். எழுதிக்கொண்டார்.

காலில் பிளேட்டும் ஸ்குரூவும் வைத்தார்கள். சேர்த்துவைத்ததெல்லாம் அதில் கரைந்தது. ஒரு வருஷம் கழித்து இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். அது செய்யாவிட்டால் நிற்க முடியாது. நிற்க முடியாவிட்டால் லேபில் எனக்கு வேலை இல்லை. அதனால் நஷ்ட ஈடு கேட்டு மஞ்சக்குப்பம் கோர்ட்டில் மனு போட்டோம். வக்கீல் விஷயத்தை எனக்குப் புரியும்படி சொன்னார். "நீங்க சொந்தக்காரங்களா போனா இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்கும். அவரு வாடகைக்கு ஓட்டுனாருன்னு ஆயிடுச்சுன்னா கம்பெனி கைய ஒதறிடும். பணத்த அவரு குடுக்கணும், வீட்ட வித்தாவது." மாமாவுக்கு இருந்தது திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு அறை வீடு ஒன்று. ஆக என் முழங்காலும் அவர் வீடும் அந்த 'அக்கா வீட்டுக்காரர்' என்கிற ஒரு பொய்யில் தொங்கிக்கொண்டிருந்தன.

இதில் எனக்கு எரிச்சலான விஷயம் வேறு. மாமா என்னைப் பார்க்க வரவேயில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை, ஒரு போன் இல்லை. சார் கையில் கட்டோடு வந்தார். சிஸ்டர் வாராவாரம் வந்தார். சண்டை போட்ட பஸ் கண்டக்டர்கூட விஷயம் கேள்விப்பட்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் எல்லோரும் எப்படி இருக்கிறது என்றார்கள். எல்லோரிடமும் "பரவாயில்ல" என்றேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மட்டும் எழுந்து உட்காருவேன். நாலு வருஷம் என் கையால் புளிசாதம் சாப்பிட்ட மனுஷன், என் காலை உடைத்துவிட்டு எட்டிப் பார்க்கவில்லை. சிஸ்டரிடம் கேட்டால், "அவுருக்கு மனசு சரியில்ல, விடுங்க" என்று பேச்சை மாற்றுவார். எனக்கு மட்டும் மனசு குளுகுளு என்று இருந்ததாக்கும்.

கோர்ட்டில் என்னை விசாரித்த நாள் வந்தது. விபத்து நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நீதிபதி ஒரு பெண்மணி. சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். என் வக்கீல் கேட்டதற்கு, அக்கா வீட்டுக்காரர், நிச்சயதார்த்தம் என்று பாடத்தை ஒப்பித்தேன். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். சின்ன வயசு, பணிவான பேச்சு. அந்த மாதிரி ஆள்தான் ஆபத்து.

மாமா வீட்டைப் பற்றிக் கேட்டார். எல்லாம் எனக்குத் தெரியும். அவர் பையன் எந்தப் பரீட்சையில் கோட்டை விட்டான், அவர் பெண்டாட்டிக்கு எந்தக் காலில் ஆணி, ஞாயிற்றுக்கிழமை என்ன மீன், அவருக்குச் சர்க்கரை எவ்வளவு. கேட்கக் கேட்கக் கொட்டினேன். நாலு வருஷம் தினமும் கேட்டதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் சொந்த அக்கா வீட்டைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு தெரியாது. என் வக்கீல் முகத்தில் வெளிச்சம் வந்தது.

அப்போது அந்தச் சின்ன வக்கீல் கேட்டார். "இவ்வளவு நெருங்குன சொந்தமா இருக்காரே, நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு தடவையாவது வந்து பாத்தாரா?"

"அதத்தான்யா நானும் கேக்குறேன்!" என்று கத்திவிட்டேன். "காலு ஒடஞ்சி கெடந்தனே, ஒரு பிரட் வாங்கினு வரத் துப்பு இருந்துச்சா அந்த மனுஷனுக்கு? நான் சண்ட போட்ட கண்டக்டரு வந்தாரு, அவுரு வரல! நீங்களே அவுரக் கூப்பிட்டு வச்சிக் கேளுங்க!"

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சொந்தக்காரர் மேல்தான் இப்படிக் கோபம் வரும் என்று அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் பட்டிருக்கும். என் வக்கீல் ஜெயித்துவிட்ட மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிக்கவில்லை.

சின்ன வக்கீல் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள். அதை நீதிபதிக்குக் காட்டிவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "விபத்து நடந்தது மார்கழி மாசம். எந்த ஊர்லம்மா மார்கழியில நிச்சயதார்த்தம் பண்றாங்க?"

ரோட்டில் யாரோ ஒருத்தி சொன்னது அப்போதுதான் என் காதில் ஏறியது. அந்தத் தாம்பாளத்தை நாங்கள் நாலு ஆடியிலும் நாலு மார்கழியிலும் காரில் வைத்துச் சுற்றியிருக்கிறோம். வீட்டில் ஒரு பாத்திரக் கடைக்குப் போவதற்கே நாள் பார்க்கிறவள் நான். சார் பஞ்சாங்கம் பார்க்காமல் முடி வெட்டமாட்டார். எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அது விளையாட்டு என்பதால் அதற்கு மாதமே கிடையாது என்று இருந்துவிட்டோம்.

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்தக் கார்க்காரர் உங்களுக்கு யாரும்மா? நிஜத்த மட்டும் சொல்லுங்க" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன்.

"யாரும் இல்லீங்கம்மா" என்றேன். மாமாவின் வீட்டை என் வாயாலேயே விற்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் நின்றது, பெட்ரோலுக்குப் பங்கு போட்டது, சம்பந்தி, தேங்காய் முறை, துபாய் மாப்பிள்ளை எல்லாம். நீதிபதி அம்மா குறுக்கே இரண்டே கேள்வி கேட்டார். பெட்ரோலில் அவரும் ஒரு பங்கு போட்டாரா? போட்டார், நாலு பேருக்கு நாலு பங்கு. அவர் சிதம்பரம் போகாத நாளில் கார் போகுமா? போகாது, அன்றைக்கு நாங்கள் பஸ்தான். பிறகு பின்னால் பார்த்து, முதல் எதிர்மனுதாரர் வந்திருக்கிறாரா என்றார். கடைசி பெஞ்சிலிருந்து மாமா எழுந்தார். அவர் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. பாதியாக இளைத்திருந்தார். "அவுங்க சொன்னது அத்தனையும் நெசந்தாங்கம்மா" என்றார்.

வராந்தாவில் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அவரைப் பிடித்தேன். நான் கேட்க நினைத்ததெல்லாம் ஒரே கேள்வியாக வந்தது. "ஏன் மாமா வரல?"

"ஒன் வக்கீல்தாம்மா வரக்கூடாதுன்னாரு. ரெண்டு பேரும் சேந்துக்கினு கேசு போட்டிருக்காங்கன்னு சொல்லிடுவாங்களாம். தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்தத் தெரு பக்கமே போவாதன்னாரு. ஒன்னாண்ட சொல்லவும் வேணாம், நீ கோர்ட்டுல ஒளறிடுவன்னாரு." அதைச் சொல்லும்போதே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். தூரத்தில் என் வக்கீல் முறைத்துக்கொண்டிருந்தார். மாமா படியிறங்கிப் போய்விட்டார். குடும்பம் என்று எழுதிக்கொடுத்த பொய்யைக் காப்பாற்ற, குடும்பத்து மனுஷன் செய்கிற காரியத்தை அவர் செய்யாமல் இருந்திருக்கிறார். என் வக்கீலிடம் அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது. சேர்ந்து போகிறவர்கள் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்வது வாடகை ஆகாது, நஷ்ட ஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பொய் சொன்னதற்கு ஒரு கண்டிப்பும், கேட்டதில் கொஞ்சம் குறைப்பும் இருந்தன. ஆபரேஷனுக்குப் போதும். முதல் நாளே நிஜத்தைச் சொல்லியிருந்தால் இத்தனை கூத்தும் இல்லை என்றார் வக்கீல். நாலு வருஷமாக வாங்கிய தேங்காயும் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். வலிக்கு இவ்வளவு, வைத்தியத்துக்கு இவ்வளவு, நடமாட முடியாததற்கு இவ்வளவு என்று தீர்ப்பில் வரிசையாக இருந்தது. ஆலப்பாக்கத்தில் திறக்கும் டிபன் டப்பாவுக்கு அதில் இடம் இல்லை. சார் ரிட்டையர் ஆகிவிட்டார். சிஸ்டர் சென்னைக்கு மாறிப் போய்விட்டார். கார் காயலான் கடைக்குப் போனது. 'நிச்சயதார்த்தம்' குரூப்பை யாரும் கலைக்கவில்லை. அதில் கடைசியாக இருப்பது, விபத்தன்று காலை சிஸ்டர் போட்ட "ரெண்டு நிமிஷம், வந்துட்டேன்." அந்த வரியை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா நின்றார். கையில் என் தாம்பாளம். காரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அவர் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, என் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. வெறும் தட்டாகத் திருப்பித் தரக்கூடாது என்று, அதில் ஒரு பிரட் பாக்கெட், அரை டஜன் சாத்துக்குடி, ஒரு தேங்காய் வைத்திருந்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்க வேண்டியவை.

வாசலிலேயே நிற்கவைத்து நன்றாக நாலு வாங்கு வாங்க வேண்டும் என்று எத்தனையோ நாளாகச் சேர்த்துவைத்திருந்தேன். அவர் தாம்பாளத்தை நீட்டினார். ஆஸ்பத்திரியில் முதல் நாள் கேட்கிற மாதிரி, "எப்பிடிம்மா இருக்கு காலு?" என்றார்.

"வலிக்குது மாமா" என்றேன்.